பட்டாளத்துப் பதிவில் நான் அக்கா மகள்

மாமா,

இன்று திண்டிவனம் சந்தையில் ஒருவன் மாட்டுத் தோல்வாருக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த வாடை வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பர்மா சண்டையில் போன காலுக்குப் பதிலாகப் பட்டாளத்தில் கொடுத்த கட்டைக்காலின் வாரை நீங்களும் இப்படித்தானே தேய்ப்பீர்கள்? நான் முகம் சுளித்தால், "ஏன்டி, உம் மாமன் வாடை புடிக்கலியா?" என்று சிரிப்பீர்கள்.

ஊனப்பட்ட சிப்பாய் இறந்துபோனால் பெண்டாட்டிக்குப் பென்ஷன் உண்டு என்றார்கள். அதை நம்பி விழுப்புரம் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். எங்கே இடித்தது தெரியுமா? பட்டாளத்தில் சேரும்போது வாரிசாக என் பேரைக் கொடுத்து, உறவு 'அக்கா மகள்' என்று எழுதவைத்திருக்கிறீர்கள். அப்போது நான் சின்னப் பெண். பிறந்த அன்றே உங்களுக்கென்று பேசிவைத்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்றச் சொல்லி அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "ஆளு அதே ஆளுதானே அக்கா, அவ எங்க ஓடிட்டா?" என்று விட்டுவிட்டீர்கள். ஓடியது நீங்கள்தான்.

குமாஸ்தா நல்ல மனுஷர். "எம் பொண்டாட்டியும் எங்க அக்கா பொண்ணுதாம்மா. நமக்குப் புரியுது. வடக்க ஒக்காந்துக்கினு இருக்கறவங்களுக்கு யாரு சொல்றது? தாய்மாமனை எப்படிக் கட்டுவாங்கன்னு கேக்கறாங்க" என்றார். நம் கல்யாணத்துக்குக் கிராம முன்சீப் சாட்சி எழுதிக் கொடுத்தார். அதுவும் திரும்பி வந்தது.

போன வாரம் குமாஸ்தாவே கூப்பிட்டனுப்பினார். உங்கள் கடைசி மாதப் பென்ஷன் பாக்கி கிடக்கிறதாம். அக்கா மகள் என்று கையெழுத்துப் போட்டால் வாங்கிக்கொள்ளலாம்; அதோடு பெண்டாட்டி என்ற பேச்சு முடிந்தது. "வர்றதையாவது வாங்கிக்கினு போம்மா, பேஜாரு வுட்டுது" என்றார்.

பேனாவை வாங்கினேன் மாமா. வீட்டில் கேப்பை தீர்ந்திருந்தது. நம் பெண் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மல்லாட்டைக் கடலை பறிக்கப் போகிறாள். என்ன வீம்போ, பேனாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? புள்ளைக்கு என்னாத்தடி ஊத்துவே?" என்று அம்மா ஏசினாள். அவள் கேட்டதும் நியாயந்தான்.

இனிமேல் பென்ஷன் வராது. எனக்குத் தெரியும். உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, பிறகு அழுகிறேன். களையெடுக்கப் போகிற கொல்லையில் யாராவது நீ யாரம்மா என்று கேட்டால், 'சிப்பாய் பெண்டாட்டி' என்கிறேன். நீங்கள் விட்டுப்போனதில் மிச்சம் அது ஒன்றுதான். அதையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், நான் யாராகச் சாவது, மாமா?