இரண்டு அளவீடுகளுக்கு நடுவே

இன்று ஜாலான் புசார் சாலையில் ஓர் இரும்புக் கடை வாசலில் குழாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கருகிய பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியதும் நடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் நினைவு எனக்கு மெதுவாக வருவதே இல்லை. அடித்துக்கொண்டுதான் வருகிறது.

செம்பவாங்கில் அந்தக் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் நீ பாதுகாப்பு அதிகாரி, நான் கணினிப் பிரிவு. கப்பல் தொட்டிக்குள் சேரும் வாயுவை, மேல்தளத்தில் இருந்த மீட்டர் மணிக்கு ஒருமுறைதான் அளக்கும். மேலாளருக்கோ அறிக்கையில் நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு வேண்டும். நடுவே உள்ள நிமிடங்களை மென்பொருளே நிரப்பும்படி எழுதிக் கொடுத்தேன். கோடு வழவழவென்று வந்தது.

நீ திரையைக் குனிந்து பார்த்தாய். "நடுவுல இருக்கற புள்ளியெல்லாம் யாரு அளந்தது?"

"யாரும் இல்ல லா. முன்னாடி ரீடிங், பின்னாடி ரீடிங், ரெண்டையும் வச்சு சாஃப்ட்வேரே போட்டுக்குது."

"நடுவுல எகிறி இறங்கியிருந்தா?"

"தெரியாது."

"அப்ப அத ரிப்போர்ட்ல எழுது."

எழுதினேன். மேலாளர் அந்த வரியை எடுக்கச் சொன்னபோது நீ அவர் மேசையில் ஓங்கித் தட்டிச் சண்டை போட்டாய். வரி அப்படியே இருந்தது.

அன்று பிற்பகலே கைமீட்டரோடு தொட்டிப் பக்கம் போனாய். அது அலறியிருக்கிறது. உள்ளே இருந்த வெல்டர்களைக் கத்தி வெளியே வரவைத்தாய். ஒருவர் மட்டும் வரவில்லை. அவரை இழுத்துவர இறங்கினாய். அப்போதுதான் வெடித்தது.

எங்கள் அலுவலகக் கண்ணாடி நொறுங்கி என்மேல் கொட்டியது. ஓடிவந்தேன். தொட்டியின் இரும்பு மூடி பிய்ந்து பாரந்தூக்கியில் மோதிக் கிடந்தது. வாய் வழியே தீ பீறிட்டது. வெளியே வந்திருந்தவர்களில் ஒருவரின் கையில் தோல் கிழிந்து தொங்கியது. அவர் உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே பாயப் போனேன், இரண்டு பேர் என்னைத் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள்.

விசாரணையில் மேலாளர் என் கோட்டைத் திரையில் காட்டினார். நான் எழுதிய வரி அதில் இல்லை. "அந்த நேரத்துல கேஸ் பாதுகாப்பான அளவுலதான் இருந்துச்சு. இவங்க உள்ள இறங்கி எதையோ பண்ணியிருக்காங்க," என்றார்.

நான் எழுந்தேன். "அந்தக் கோட்ட யாரும் அளக்கல. வெடிக்கறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங், கேஸ் எரிஞ்சு தீர்ந்தப்புறம் ஒரு ரீடிங். ரெண்டும் கம்மி. நடுவுல இருக்கறது நான் எழுதின சாஃப்ட்வேர் போட்டது."

மேலாளர் என் கையை முறுக்கி உட்காரச் சொன்னார். உன் அண்ணன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் வாயில் குத்தினார். மேசையெல்லாம் ரத்தம். காவலர்கள் அண்ணனை இழுத்துப்போனார்கள். ஆனால் விசாரணை அதிகாரிகள் அந்தக் கோட்டைச் சான்றாக ஏற்கவில்லை. உன்மீது பழி விழவில்லை.

அதற்குப் பிறகு சிராங்கூனில் உங்கள் வீட்டுக்குப் போனேன். நீ வலியில்லாமல் ஒரே நொடியில் போய்விட்டாய் என்று வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அம்மா என்னிடம் கேட்டார்: "நீ அங்கதான இருந்த. எம்பொண்ணு கஷ்டப்பட்டாளா?"

"தெரியலம்மா. அது யாருக்குமே தெரியாது."

அம்மா என்னை ஓங்கி அறைந்தார். அடுத்த கணம் அதே கையால் என் தலையை இழுத்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டு, அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதார்.

அந்த அறை இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது. ஒரு பொய் சொல்லி அதிலிருந்து தப்பியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.