ஆறாம் எண் வீட்டுக் குழாயிலிருந்து எடுக்கப்படாத மாதிரி நீர்

அனுப்புநர்:
ஆறாம் எண் வீட்டின் உரிமையாளர் (வயது 76),
ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய மேற்பார்வையாளர்,
மூன்றாம் மாடி.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் கட்டடத்தின் குடிநீர்க் குழாயை வரும் வெள்ளிக்கிழமை மூடும் ஆணையை நிறுத்திவைத்து, மாதிரி நீரை மறுபடி எடுக்க வேண்டுதல்.

பார்வை: எங்கள் வாசல் சுவரில் 2ஆம் தேதி ஒட்டப்பட்ட தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு திருத்தம். மருமகள் கேன் தண்ணீர் வாங்குவது பிடிக்காமல் நான் வீம்புக்குக் குழாய்த் தண்ணீர் குடிப்பதாகவும், எங்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை என்றும் மாடிப்படியில் பேசப்படுகிறது. இரண்டும் தவறு. நாங்கள் நன்றாகவே பேசிக்கொள்கிறோம். சில நாட்களில் தேவைக்கு மேலேயே. நாற்பத்தோரு ஆண்டுகளாக நான் குழாய்த் தண்ணீர் குடித்துவருவதற்குக் காரணம், அதன் சுவை எனக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டுமே.

2. எங்கள் சமையலறையில் ஜன்னலுக்குக் கீழே என் எவர்சில்வர் குடம் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில், முக்காலிமேல், சிறு தொட்டியொன்றில் மருமகளின் கேன் தலைகீழாக நிற்கிறது. பேத்தி குறைமாதத்தில் பிறந்தபோது அந்தக் கேன் வீட்டுக்குள் வந்தது. நான் மறுப்புச் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு கட்சி, ஆனால் கூட்டணி உடையாது என்பான் என் மகன். அவன் எந்தப் பாத்திரம் கைக்கெட்டுகிறதோ அதில் குடிப்பவன்.

3. கடந்த மாதம் 24ஆம் தேதி காலை, தங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் மாதிரி எடுக்க வந்தார். மேல்மாடி வீடு என்பதால் எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது சரியான முறையே. நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இந்த மனுவுக்கே வேலை இருந்திராது. தரை துடைத்து ஈரமாக இருந்ததால் ஊழியர் நாகரிகமாக வாசலிலேயே நின்று, புட்டியை மருமகளிடம் கொடுத்து, தண்ணீர் பிடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். அவளும் பிடித்துக் கொடுத்தாள். அவர் மூடி, எண் எழுதி எடுத்துச் சென்றார்.

4. அந்த நீரில் கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. குடிக்கக் கூடாது என்ற அறிவிப்பைக் கண்ட நாள் முதல் நானும் குழாய் நீரைக் குடிக்கவில்லை. கேன் தண்ணீரின் சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நினைவில் வைத்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், முழங்கால் வலியோடு படிக்கொரு தடவை கேனை இறக்கிவைத்து ஏறுகிறார். தரைத்தளத் தையல்காரம்மா எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தங்கள் அறிவிப்பின்படி குழாய்களை மாற்றி முடிக்கும்வரை, அதாவது ஆறு மாதமாவது, பத்து வீடுகளுக்கும் இதே நிலைதான்.

5. அறிவிப்பு ஒட்டிய நான்காம் நாள் மருமகள் தானாகவே என்னிடம் வந்து உண்மையைச் சொன்னாள். சாட்சியம் என்பதால் அவள் வார்த்தைகளையே தருகிறேன்: "கேன்லேருந்துதான் அத்தை பிடிச்சுக் குடுத்தேன். வீடு தேடி வந்த மனுஷருக்குப் போய்க் குழாய்த் தண்ணியா குடுக்கறது?" ஐயா, எங்கள் வீட்டில் விருந்தாளி யார் வந்தாலும் அவள் கேன் தண்ணீர்தான் கொடுப்பாள். கை பழக்கப்படி போய்விட்டது. தங்கள் ஆய்வகம் கண்டித்தது எங்கள் குழாயை அல்ல, எங்கள் உபசாரத்தை.

6. உடனே இருவருமாகக் கேனை எடுத்துவிட்டு, அதன் கீழுள்ள தொட்டியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே விரல் வைத்தால் வழுக்கியது. எட்டு மாதமாக அதை யாரும் கழுவவில்லை. அவள் நான் கழுவுவேன் என்றிருந்தாள். நான் அது அவளுடையது என்றிருந்தேன். ஆகவே கேன் போடுபவர் மீதும் எனக்குப் புகார் இல்லை. இனி ஞாயிறுதோறும் வெந்நீர் விட்டுக் கழுவுவதென்று முடிவு; நேற்று அவள், அடுத்த வாரம் நான்.

7. இதை எழுதினால் குழந்தையைக் கவனிக்கத் தெரியாதவள் என்று கட்டடம் பேசுமே என்று மருமகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, "எழுதுங்க அத்தை. ஆனா பாப்பாவுக்குக் கேன் தண்ணியையும் காய்ச்சித்தான் குடுக்கறேன்னு சேர்த்து எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். அது உண்மை, நான் தினமும் பார்ப்பது.

8. கான்வென்ட்டில் எங்களுக்கு வேதியியல் நடத்திய சிஸ்டர், தன் கையால் எடுக்காத மாதிரிக்குத் தன் பெயரைப் போடக் கூடாது என்பார். அதற்காக ஊழியர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஈரத் தரையை மிதிக்காத ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவரையே மறுபடி அனுப்புங்கள். தரை காய்ந்திருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, சற்று ஓடவிட்டு, அவரே பிடிக்கட்டும். நாங்கள் இருவரும் கைகட்டி நிற்போம்.

9. அந்த முடிவு வரும்வரை வெள்ளிக்கிழமை குழாயை மூடாமல் இருக்க வேண்டுகிறேன். அதுவரை யாரும் அதைக் குடிக்க மாட்டோம். குழாய் நீர் உண்மையிலேயே கெட்டது என்று தெரிந்தால், என் குடத்தை நானே கவிழ்த்துவைத்துவிட்டுக் கேனுக்கு மாறிக்கொள்வேன். நல்லது என்று தெரிந்தால், வாசலில் உள்ள அறிவிப்பைத் தாங்களே எடுக்க வேண்டும். நான் எடுத்தால் கிழித்துவிட்டேன் என்பார்கள்.

10. இந்தக் கட்டடத்தில் வாயால் சொன்ன எதுவும் மூன்றாம் மாடி ஏறுவதற்குள் வேறாகிவிடுகிறது. ஆகவே தங்கள் பதிலை எழுத்து மூலம் தர வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) மாமியார்
(ஒப்பம்) மருமகள், பத்திகள் 3, 5, 6, 7 சரி எனப் படித்துப் பார்த்து

இடம்: மேற்படி வீடு
நாள்: 9ஆம் தேதி, திங்கட்கிழமை