மாந்தோப்பில் எடுத்த படம்

ராஜபாளையம்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி வினோத்துக்கு,

உன் அக்கா அழகுத்தாய் எழுதிக்கொள்வது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் படம் அனுப்பினால் பெருவிரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவாய். அங்கே உன்னோடு வேலை பார்க்கிற சோலைராஜ் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டேன். அதனால் படத்தை உறையில் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டேன். முதலில் இதைப் படி, அதற்குப் பிறகு படத்தைப் பார். இதிலாவது அக்கா சொல்லைக் கேள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. எங்கள் கம்பெனியில் ஆர்டருக்குக் குறைவில்லை. தறியில் பேண்டேஜ் துணி ஓட்டி ஓட்டிக் கனவிலும் எனக்கு வெள்ளைதான் வருகிறது. இந்த வருஷம் சப்பட்டை மாம்பழம் நன்றாக இருந்தது. உன் பங்கையும் நானே தின்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் இளவேணிக்கு ஒன்றரை வயதாகிறது. நீ அவளைப் பார்த்தது ஒரே ஒரு படத்தில். பெயர் வைத்த அன்று நம் சித்தப்பா மகன் முகத்துக்கு நேராக பிளாஷ் அடித்து எடுத்து அனுப்பினானே, அதில். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு முகம், சிவப்பாக இரண்டு கண். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாய்:

“இது யாரு சாடை, அக்கா?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது, வினோத். மாரிசெல்வி பிள்ளையோடு பக்கத்தில்தான் படுத்திருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து நீ அவளிடம் பேசுவதில்லை. போன லீவுக்கும் ஊருக்கு வரவில்லை.

மதுரை டாக்டர் சொன்னதை அப்போதே வாய்ஸ் மெசேஜில் அனுப்பினேன். நீ கேட்டாயோ என்னவோ. பிறவியிலேயே தோலுக்கும் முடிக்கும் நிறம் ஊறவில்லை, அவ்வளவுதான். அப்பா அம்மா இரண்டு பேரிடமும் அது மறைந்து இருந்தால்தான் பிள்ளைக்கு இப்படி வருமாம். மாரிசெல்வி நம் தாய்மாமன் மகள்தானே, பிறகு என்ன ஆச்சரியம்? பிள்ளைக்கு வெயில் ஆகாது, கண் கூசும், தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அந்தக் கண்ணில் நேராக பிளாஷ் பட்டால் சிவப்பாகத்தான் விழும். எடுக்கத் தெரியாதவன் எடுத்த படத்தை வைத்து நீ ஒரு குடும்பத்தையே தள்ளி வைத்திருக்கிறாய்.

இனி பாண்டிசெல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மம்சாபுரத்துப் பெண். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகளை வெளியில் வைத்துப் படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறாள். ஒருநாள் எங்கள் கம்பெனிக்கு வந்து பேண்டேஜ் துணி கேட்டாள். யாருக்குக் காயம் என்று கேட்டேன். யாருக்கும் இல்லை, வெயிலை வடிகட்டத்தான் என்றாள். அந்தப் பதிலிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நம் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். மறுவாரமே மாந்தோப்புக்குக் கூட்டி வரச் சொன்னாள்.

நான் சும்மா போவேனா? நீ பார்க்கப் போகிற படமாயிற்றே. கண்மையை எடுத்துப் பிள்ளையின் வெள்ளைப் புருவத்தைக் கறுப்பாக வரைந்து, இமைக்கும் தீட்டிக் கூட்டிப் போனேன். பாண்டிசெல்வி கோபப்படவில்லை. ஈரத்துணி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“தொடச்சு விட்டுருங்கக்கா. அவ அப்பா இந்தப் பிள்ளையப் பாக்கட்டும். நீங்க வரைஞ்ச பிள்ளைய எதுக்குப் பாக்கணும்?”

எனக்குச் சுருக்கென்றது. துடைத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பொறுமையைப் பார்க்க வேண்டுமே. வந்து வெகுநேரம் கேமராவைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. நம் ஊரில்தான் மலை மறைத்து சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுமே, அதற்காகக் காத்திருந்தாள். இரண்டு மரத்துக்கு நடுவே துணியைக் கட்டினாள். மிச்சம் இருந்த வெயில் அதற்குள் நுழைந்து பால் மாதிரி இறங்கியது. வீட்டு வாசலில் நின்றாலே கண்ணை இடுக்குகிற பிள்ளை, அங்கே முதல் தடவையாக முழுசாகக் கண்ணைத் திறந்து மரத்தைப் பார்த்தது. நான் தினமும் ஓட்டுகிற துணிக்கு இப்படி ஒரு வேலையும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

நிழலில் கண் மங்கலாக விழும், கொஞ்சம் பிளாஷ் வேண்டும் என்றாள். நான் பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு சின்ன பிளாஷ் ஒன்றைப் பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திருப்பி வைத்து, நான்காக மடித்த துணியில் அடித்தாள். வெளிச்சம் அதில் பட்டு மெதுவாகத் திரும்பி வந்தது. பிள்ளை பயப்படாமல் இருக்க, முதலில் அதைத் தூரத்தில் வைத்து விளையாட்டுக் காட்டினாள். இளவேணி கை தட்டினாள்.

பிள்ளை குனிந்து மாவடு பொறுக்கும்போது பின்னாலிருந்தும் ஒன்று எடுத்தாள். அந்த வெள்ளை முடியில் சாயங்கால வெயில் பட்டு, உச்சியில் இரட்டைச் சுழி தெளிவாகத் தெரிகிறது. உன் சுழிதான். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்பார்கள். இருக்கிற ஒருத்தியிடம் பேசவே உனக்கு வாய் வரவில்லை. இதைச் சாட்சிக்காகச் சொல்லவில்லை. மாரிசெல்விக்கு யார் சாட்சியும் வேண்டியதில்லை.

இனி நீ பார்க்கப் போகிற படம். பிள்ளைக்குத் தூரத்து முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அதனால் பாண்டிசெல்வி தரையில் படுத்து, மாரிசெல்வியைத் தன் தோளுக்குப் பின்னால் உட்கார வைத்து, ஏதாவது பேசச் சொன்னாள். மாரிசெல்வி கேமரா பக்கமாகக் கையை நீட்டி மெதுவாகச் சொன்னாள்:

“ஏட்டி, அப்பா வாராவ பாரு.”

பிள்ளை சட்டென்று நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. அந்த நொடியில் எடுத்ததுதான் இது. பாண்டிசெல்வி வெகுநேரம் கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

இப்போது படத்தைப் பார், தம்பி. ஜன்னலோரம் வைத்துப் பார், டியூப்லைட்டுக்குக் கீழே வேண்டாம். அவள் பார்த்துச் சிரிப்பது கேமராவை இல்லை.

உறைக்குள் தறியில் அறுத்த நூல் ஒன்றும் இருக்கிறது. குப்பை என்று போட்டுவிடாதே, இளவேணியின் தலை அளவு அது. விளிம்பு அகலமாக, வெயில் மறைக்கிற தொப்பியாகப் பார்த்து வாங்கு. யாரிடமும் கொடுத்து அனுப்ப வேண்டாம். ஆண்டாள் உன்னை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும், நீயே போட்டுவிடு.

உன் அக்கா,
அழகுத்தாய்