பாலத்திலிருந்து நான்காவது வீடு

அன்பு மகள் ஆதிராவுக்கு,

போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய், பொறுத்துக்கொள். போனில் நீ வேகமாகப் பேசுகிறாய், நான் சரி சரி என்று வைத்துவிடுகிறேன், சொல்ல வேண்டியது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. நானும் அப்பாவும் சுகம்தான், நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க இசக்கியம்மன் துணை. அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை, தோவாளைப் பூச்சந்தைக்கு இப்போது பஸ்ஸில்தான் போகிறார். ஓணத்துக்குக் கேந்திப்பூ நன்றாகப் போனது, பிச்சிதான் மழையில் மொட்டோடு உதிர்ந்துவிட்டது. நீ காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே, ஒரு முட்டையாவது அவித்துச் சாப்பிடு.

போன மாதம் உன் ஆய்வின் முடிவைப் பஞ்சாயத்து ஆபீசில் வைத்து உன் குழுவினர் விளக்கினார்கள், நானும் பின்வரிசையில் இருந்தேன். மருந்தடிக்கிற பூந்தோட்டங்களுக்குப் பக்கத்தில் கரு கலைவது கூடுதலா என்று காட்டும் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கலைந்த வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி, அதற்குள் எத்தனை என்று எண். பெயர் இல்லைதான். ஆனால் குளமும் கோயிலும் சானல் பாலமும் அப்படியே இருந்தன, நம் ஊர்க்காரர்களுக்குப் பெயர் எதற்கு? பாலத்திலிருந்து விரல் வைத்து எண்ணினார்கள். மூன்று வீடு வெள்ளை, நான்காவது சிவப்பு, உள்ளே இரண்டு. உன் நாகம்மை அத்தை வீடு. யாரோ படம் பிடித்து வாட்ஸாப்பிலும் போட்டுவிட்டார்கள். இருபது வருசமா எங்கிட்டயே மறைச்சிருக்கியே, நீ லேசுப்பட்டவளா என்று அவள் மாமியார் வாசலில் நின்று கேட்டாள். மகள் ஷீஜாவுக்கு ஐப்பசியில் நிச்சயம் என்று இருந்தது, தாய்க்கு ரெண்டு நிக்கலன்னா மகளுக்கும் அப்படித்தான வரும் என்று பூதப்பாண்டி மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஷீஜா வெளியே தலைகாட்டுவதில்லை.

கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு உன்னோடு வீடு வீடாக வந்தது நான்தானே. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், நீங்க சொல்லுகது வெளிய போவாது, நான் பொறுப்பு என்று நாற்பத்தெட்டு வீட்டில் சொன்னேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் தபாலில் படித்து வாங்கியதுதான் என்றாலும் நம் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, படிச்சவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டார்கள். கரு கலைந்ததுண்டா என்ற கேள்விக்கு நாகம்மை இல்லை என்றாள். மாமியார் கதவோரம் நிற்கும்போது வேறென்ன சொல்வாள்? திரும்பி வரும்போது சானல் கரையில் வைத்து நீ கேட்டாய், அத்தை முகம் ஏன் வாடிப்போச்சு என்று. கூட உட்கார்ந்து பூக்கட்டும்போது அவள் என்னிடம் மட்டும் சொல்லி வைத்திருந்ததை நான் சொல்லிவிட்டேன். மகளிடம் சொன்னேன் மக்கா, ஆராய்ச்சிக்காரியிடம் சொல்லவில்லை. நீ தலையாட்டிக்கொண்டே கேட்டாய். அவள் சொன்ன இல்லையை அடித்துவிட்டு இரண்டு என்று எப்போது எழுதினாய்? போனில் கேட்டதற்கு, தப்பான தகவல வச்சு முடிவு சொல்ல முடியாதும்மா, பேரு எங்கயும் இல்லியே என்றாய்.

ஆய்வு வீண் என்று நான் சொல்லமாட்டேன். மருந்து வாடையில் நின்று மொட்டுப் பறிக்கிறவள்தான் நானும். நீ பிறந்த பிறகு எனக்கும் ஒன்று கலைந்தது, அதை என் கையாலேயே தாளில் எழுதித் தந்தேன். படத்தில் நம் வீடு வெள்ளையாக இருக்கிறது ஆதிரா. ஆய்வு செய்கிறவள் வீட்டைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஊரில் ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அன்றிலிருந்து உன் போட்டோவை நேராகப் பார்க்க எனக்கு முடியவில்லை.

நாகம்மை என்ன நம்பிக்கொண்டிருக்கிறாள் தெரியுமா? கேள்வி கேட்ட அன்றைக்கு எல்லாரிடமும் ரத்தமும் எடுத்தீர்களே, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தீர்கள் என்று. நேற்று மத்தியானம் பூக்கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒம் மவள ஏசாதட்டி, ரெத்தம் கள்ளம் சொல்லாதுல்லா, அதுக்கு அந்தப் பிள்ள என்ன செய்யும் என்று என்னைத் தேற்றினாள். நீ சானல் கரையில் தலையாட்டியதுபோல நானும் தலையாட்டினேன்.

படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் சொல். அவள் என்ன பதில் சொன்னாளோ அதையே போடு. தலைக்கு எண்ணெய் வை, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை.

என்றும் உன்
அம்மா

உறையை ஒட்டப் போனவள் திரும்பவும் பிரித்து இதை எழுதுகிறேன். மார்கழியில் நீ வந்ததும் நாகம்மையிடம் போய், ரத்தம் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று சொல்லப்போகிறேன். தனியாகப் போனால் எனக்கு வாய் வராது. நீ ஒன்றும் பேச வேண்டாம், அவள் வாசலில் என் பக்கத்தில் நின்றால் போதும். நிற்பாயா?