லாரிக்குப் போட்ட கணக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எந்தக் கோபத்திலும் நினைப்பேன், இப்போதும் அப்படியே. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அப்புறம் நானே சமாதானம் சொல்லி முடித்துவிடுவேன். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடைசிவரை படி.

பழைய இரும்புப் பாலத்தை இடிக்கப் போகிறார்கள். பெரிய பாலம் வந்ததிலிருந்து பதினெட்டு வருடமாக அதில் வண்டி போகவில்லை, ஆனால் ஆட்கள் நடந்துகொண்டுதான் இருந்தோம். முக்கோணம் முக்கோணமாகக் கோத்த அந்த இரும்புக்குள் நுழைந்து நடந்தால் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்கு வேலைக்குப் போக எனக்குப் பத்து நிமிடம். போன மாதம் இரண்டு முனையிலும் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். இப்போது எல்லோரும் பெரிய பாலத்தில் நடக்கிறோம். அதில் நடைபாதை கிடையாது. சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடம், லாரி வந்தால் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். நம் மாடி வீட்டுத் தையல்காரரை ஒரு லாரியின் கண்ணாடி தட்டிவிட்டது. தோள்பட்டை முறிந்துவிட்டது. வலது தோள், கத்தரி பிடிக்கிற கை. பார்க்கப் போனேன். ஒதுங்கு ஒதுங்குன்னு ஹார்ன் அடிக்கிறான் அக்கா, எங்க ஒதுங்குறது, ஆத்துலயா குதிக்கிறது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடிக்க வேண்டாம், பலகையை மாற்றி, துருவைச் சுரண்டி வண்ணம் அடித்து, வண்டி நுழையாமல் இரண்டு முனையிலும் கல் நட்டு, நடக்கிறவர்களுக்கு மட்டும் விடுங்கள் என்று முப்பது பேர் எழுதிக் கொடுத்தோம். முதல் கூட்டத்தில் நான்தான் பெருமை அடித்தேன், என் மகளே பாலம் பார்க்கிற இன்ஜினியர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று. பிறகு நகராட்சியில், பாலத்தை இடிக்கலாம் என்று சொன்ன அறிக்கையின் நகல் கொடுத்தார்கள், நாற்பது பக்கம். தையல்காரர் வீட்டில் உட்கார்ந்து புரட்டினோம். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு வெல்டர் தலையைச் சொறிந்தார். அக்கா, இது நம்ம பாப்பா பேரு மாதிரி இருக்கே என்றார். மாதிரி இல்லை. உன் பேர். உன் கையெழுத்து, பள்ளிக்கூட நோட்டின் பின்னட்டை முழுக்கப் போட்டுப் பழகினாயே, அதே சுழி. என் மானம் கப்பலேறியது. வெல்டர் அறிக்கையை மூடி என் கையில் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

தெரிந்து போட்டாயா, தெரியாமல் போட்டாயா. அறிக்கையில் பாலம் எண் பதினேழு என்றுதான் இருக்கிறது, ஊரைக்கூட இரண்டு எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். உன் அப்பா உன் பக்கத்து வக்கீல். பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து ஃபைல் வரும், நம்பரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கும், விடு என்கிறார். நீ யாரையாவது குத்தினாலும் அவருக்குக் கத்திதான் வழுக்கியிருக்கும். இருபத்திரண்டாம் பக்கத்தில் இருபது டன் லாரி இரண்டு எதிரெதிரே போனால் தாங்குமா என்று கணக்குப் போட்டு, தாங்காது, ஆகவே அகற்றலாம் என்று முடித்திருக்கிறாய். யாரடி லாரி கேட்டது? நாற்பது பக்கத்தில் நடக்கிற மனிதருக்கு ஒரு வரி இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பாய். கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுது. வெல்டர் கீழே இறங்கிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், அடிச் சட்டத்தில் ஆறு இடத்தில் துரு தின்றிருக்கிறதாம், வெட்டிவிட்டுப் புதிதாக வைக்கலாமாம். அவர் சொல்வது தவறாகக்கூட இருக்கலாம், வீட்டுக் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறவர்தானே. ஆனால் அவர் இறங்கிப் பார்த்தார். நீ யாரோ எடுத்த படத்தை வைத்து எழுதியிருக்கிறாய்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரு படம். பயன்பாட்டில் இல்லாத பாலம், கிழக்கிலிருந்து, என்று அடியில் அச்சடித்திருக்கிறது. படத்தில் ஒருத்தி நடந்து போகிறாள். முதுகு மட்டும். சலவைக் கூடத்து நீலச் சட்டை, ஒரு பக்கம் சாய்ந்த நடை, தோளில் நீ வாங்கி அனுப்பிய பை. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாய்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சியில் விசாரணை. லாரியை விட்டுவிட்டு, நடக்கிற ஆளுக்குக் கணக்குப் போட்டுப் புதன்கிழமைக்குள் அனுப்பு. நேரில் வந்து, பார்த்து, போட்டால் இன்னும் நல்லது. நடக்கிறவர்களையும் தாங்காது என்று கணக்கு சொன்னால் அப்படியே எழுது, நான் வாயை மூடிக்கொள்கிறேன். பொய் எழுதச் சொல்லவில்லை, கேட்காமல் விட்டதைக் கேள் என்கிறேன். வேலைக்கு ஆபத்து வரும் என்கிறார் அப்பா. வரலாம். உன்னிடமிருந்து கணக்கு வராவிட்டால் அந்தப் பதினோராம் பக்கத்தை எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்டி, இது நான், எழுதியது என் மகள் என்று சொல்வேன். சொல்ல எனக்கு ஆசையில்லை. சொல்வேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ரத்தசோகை மாத்திரையை நிறுத்திவிடாதே. வருவதானால் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸிலேயே வா, பெரிய பாலத்தைத் தாண்டிய பிறகு இறங்கு. அவசரப்பட்டு முன்னாலேயே இறங்கி நடந்து வந்துவிடாதே.

கோபம் தீராத,
உன் அம்மா