தம்பிக்கு ஆலோசகர் தேடினேன்

பிப்ரவரி 3, திங்கள்

கடையில் கண் சோதிக்க ஒரு பெரியவர் வந்தார். இந்த லென்ஸ் தெளிவா அந்த லென்ஸ் தெளிவா என்று கேட்டால், "நீயே சொல்லும்மா" என்கிறார். உங்கள் கண்ணுக்குள் நானா இருக்கிறேன் என்று சிரித்துவிட்டு மறுபடி மாற்றிப் போட்டேன்.

மதியம் தம்பியின் மேஸ்திரி போன் செய்தார். லிப்ட் பழுது பார்க்கப் போனவன், குடித்துவிட்டுக் குழிக்குள் இறங்கப் பார்த்திருக்கிறான். "சட்டையப் பிடிச்சு இழுத்தேன். இல்லன்னா உங்களுக்கு வேற மாதிரி போன் வந்திருக்கும்." குடியை நிறுத்த ஒரு ஆலோசகரிடம் போனால்தான் இனி வேலையாம். நியாயம்தான்.

பிப்ரவரி 6

முதல் ஆலோசகர். நான் மட்டும் போனேன். எனக்குத் திருப்தியானால் பிறகு அவனை அழைத்துப் போகலாம். சுவர் முழுக்கச் சான்றிதழ், கண் முழுக்கக் கடிகாரத்தில். வேண்டாம்.

பிப்ரவரி 8

இன்னொருவர். வாய் திறப்பதற்குள் "முழு உத்தரவாதம்" என்றார். மிக்சியா வாங்க வந்தேன்? எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11

மூன்றாவது அம்மாள் தங்கமானவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அழுதபோது தண்ணீர் தந்தார். இவர்தான் என்று முடிவு செய்து தம்பியிடம் சொன்னேன்.

"உனக்குப் பிடிச்சிருந்தா நீயே போக்கா."

என்ன கொழுப்பு! நான் நாயாய் அலைகிறேன், துரை சோபாவில் படுத்துக்கொண்டு... இவனுக்குச் சாப்பாடு கிடையாது.

பிறகு போட்டேன்.

பிப்ரவரி 12

காலையில் கேட்டான்: "கடைக்கு வர்றவங்கள உக்கார வச்சு, இதா அதான்னு அவங்களத்தானே கேக்குற. எனக்கு மட்டும் நீயே பாத்துட்டு நீயே சொல்ற."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடினேன். வழியெல்லாம் எரிச்சல். அவன் சொன்னது சரி, அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 15

கூட வேலை செய்பவன் சொன்னான் என்று தம்பியே ஒரு ஆலோசகரைப் பிடித்திருக்கிறான். துணைக்குப் போனேன். முரட்டுக் குரல். தானும் ஒரு காலத்தில் குடித்தவராம், பிறகு இதையே படித்து இந்த வேலைக்கு வந்தாராம்.

"எப்பலருந்து குடிக்கிறீங்க?" என்று தம்பியைக் கேட்டார்.

"கல்யாணம் முறிஞ்சதிலருந்து சார்" என்றேன் நான்.

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா."

சுருக்கென்றது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் தம்பியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வார்த்தை புரியவில்லை. வீட்டில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. எத்தனை மாதத் தூக்கமோ, அங்கேயே தூங்கிவிட்டேன். அவன்தான் தோளைத் தட்டி எழுப்பினான்.

மார்ச் 2

மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். இப்போதைக்குத் தரையில் நின்று செய்யும் வேலை மட்டும். அது போதும்.

மார்ச் 14

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, நேத்து குடிச்சிட்டேன். இன்னைக்கு வேலைக்குப் போகல. காலையிலயே ஆலோசகருக்குப் போன் பண்ணிச் சொன்னேன், வரச் சொன்னாரு. அங்கருந்துதான் வர்றேன்."

நேற்று எனக்கு வாடைகூடத் தெரியவில்லை. மறைத்திருந்தால் மறைந்தே போயிருக்கும். திட்ட வாயெடுத்தேன் — அழுகைதான் வந்தது. பயந்து வந்த அழுகை இல்லை. இவன் வாயால் உண்மை வந்து எத்தனை காலமாயிற்று!

"நாளைக்கும் வரச் சொல்லியிருக்காரு" என்றான்.

"நானும் வரட்டுமா?"

"வேணாம்க்கா. போயிட்டு வந்து சொல்றேன்."

சரி, போய்ட்டு வா என்றேன். நிஜமாகவே நான்தான் சொன்னேன்.