பிரித்துவிட்ட பார்சல்

12 ஆகஸ்ட் 1960, வெள்ளி

கணிதத் தர்க்கப் புத்தகத்தை சிங்கப்பூர் நூலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று இன்று பார்சல் கட்டிக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினேன். கணக்குப் போடும் இயந்திரம் ஒன்று என்றாவது வேலையை முடிக்குமா, முடிக்காதா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அதில் கேள்வி. மூன்று வாரமாக அந்த ஒரே பக்கத்தில் முட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இது வராது என்றே தீர்மானித்துவிட்டேன்.

மலாக்காவின் காஜா பேராங் பஸ் ஸ்டாப்பில் பக்கத்து வீட்டு லெட்சுமியும் நின்றாள்; தலைமுறைகளாக மலாயே வீட்டுப் பேச்சாகிவிட்ட மலாக்கா செட்டிப் பெண். முக்கால் மணி நேரம் ஆயிற்று. “பஸ் வருமா, வராதா டீச்சர்?” என்று மலாயில் புலம்பினாள்.

நானும் மலாயிலேயே எரிந்து விழுந்தேன். “வந்தால் வந்துவிட்டது என்று தெரியும். வராவிட்டால், எத்தனை நேரம் காத்திருந்தாலும் இனி வரவே வராது என்று எப்படிச் சொல்வது?”

சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. புத்தகம் சொல்வதும் இதைத்தானே! இயந்திரம் முடித்தால் பார்த்துச் சொல்லிவிடலாம். முடிக்கவே முடிக்காது என்பதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்து சொல்ல முடியாது.

அங்கேயே பல்லால் கயிற்றைக் கடித்துப் பார்சலைப் பிரித்தேன். முட்டிக்கொண்டிருந்த அந்தப் பக்கம் இப்போது கடகடவென்று புரிந்தது. சிரிப்பு சிரிப்பாக வந்தது.

லெட்சுமி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் வந்திருந்தது.

நான் ஏறவில்லை.